குறைவாகத் தூங்குவது பரம்பரைக் குணமா?

கேள்வி: என் தந்தை இரவில் ஐந்து மணி நேரம்தான் தூங்குவார், நானும் அப்படியே, இதனால் எந்தக் குறையும் எனக்குத் தெரியவில்லை. என் தம்பிக்கோ ஏழு மணி நேரத் தூக்கம் இல்லாவிட்டால் படித்தது எதுவும் மனத்தில் நிற்பதில்லை. இதை மரபணுவே முடிவு செய்கிறதா?

பதில்: ஓரளவுக்கு ஆம். ஒரே கருமுட்டையில் உருவான இரட்டையரையும் தனித்தனிக் கருமுட்டைகளில் உருவான இரட்டையரையும் ஒப்பிட்ட ஆய்வுகளின்படி, தூங்கும் நேரத்தில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு மரபணுக்களைச் சார்ந்தது. ஆனால் இது ஒரு மக்கள் கூட்டத்தைப் பற்றிய கணக்கு. உங்கள் ஒருவருடைய தூக்கத்தில் எவ்வளவு தந்தை வழி வந்தது என்பதை அது சொல்லாது. தந்தையிடமிருந்து மரபணுவோடு வீட்டுப் பழக்கமும் சேர்ந்தே வந்திருக்கிறது அல்லவா?

தூக்கம் குறைந்தால் மூளை எவ்வளவு தடுமாறும் என்பதிலும் மரபணுவுக்குப் பங்கு உண்டு. உடலின் நாள் கடிகாரத்தோடு தொடர்புடைய பெர்3 என்ற மரபணுவின் நீண்ட வடிவத்தைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், இரவு முழுவதும் விழித்திருந்த பின் அதிகாலையில் நடத்தப்பட்ட அறிவாற்றல் சோதனைகளில் மற்றவர்களைவிடப் பின்தங்கினர் என்று இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழக ஆய்வு 2007இல் தெரிவித்தது. ஆகவே உங்கள் தம்பியின் தேவையைச் சோம்பல் என்று எண்ண வேண்டாம். பகலில் கற்றவை நினைவில் ஊன்றுவதற்குத் தூக்கம் உண்மையாகவே உதவுகிறது.

எனக்குக் கவலை தருவது, உங்களுக்குக் குறை தெரியவில்லை என்பதுதான். 2003இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 14 நாள்கள் இரவுக்கு ஆறு மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனமும் நினைவும் நாளுக்கு நாள் சரிந்து, இரண்டு இரவுகள் வரை அடியோடு தூங்காதவர்களின் நிலையை எட்டின. அவர்களோ தங்களுக்குச் சற்றே தூக்கக் கலக்கம் இருப்பதாக மட்டுமே உணர்ந்தனர். குறைவான தூக்கமே போதுமென்ற உடலமைப்பு உள்ளவர்கள் இருக்கவே இருக்கிறார்கள். டெக்2 என்ற மரபணுவில் மாற்றம் கொண்டு, ஏறத்தாழ ஆறேகால் மணி நேரமே தூங்கிய ஒரு தாயையும் மகளையும் பற்றி 2009இல் அறிவியலாளர்கள் எழுதினர். எனினும் அத்தகையோர் மிக அரியவர்கள். அவர்கள் விடுமுறை நாள்களிலும் கூடுதலாகத் தூங்குவதில்லை. அலாரம் வைக்காத நாள்களில் நீங்கள் எத்தனை மணிக்கு விழிக்கிறீர்கள் என்பதைச் சில வாரங்கள் குறித்து வாருங்கள். அந்நாள்களில் தூக்கம் நீளுமானால், உங்கள் உடலுக்கு ஐந்து மணி நேரம் போதவில்லை என்றே கொள்ள வேண்டும்.