‘பாரம்பரிய முறை’ என்று அட்டையில் இருந்தால் போதுமா?

கேள்வி: சீட்டு போட்டுக் குறி பார்ப்பதைப் பொழுதுபோக்காகக் கற்றுக்கொள்ள ஆசை. ஆன்லைனில் தேடினால் எல்லாப் புத்தகமும் ‘பாரம்பரிய முறை’ என்றே சொல்கிறது. ஒன்று 350 ரூபாய், இன்னொன்று 1,900 ரூபாய். எதை வாங்கலாம்? (வாசகி, மதுரை)

பதில்: விலையை அப்புறம் பார்ப்போம். எந்தச் சீட்டுக்கட்டை வைத்துப் பழகப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ‘பாரம்பரியம்’ என்கிற அந்த ஒரு சொல்லுக்குள் பல தனித்தனி வழக்கங்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு எழுதிய புத்தகம் இன்னொன்றின் சீட்டுக்கு உதவாது. இது நான் காசைக் கொட்டிக் கற்ற பாடம்.

டாரட் என்பது 78 படச் சீட்டுகள் கொண்ட கட்டு. அதில் பிரான்சின் பழைய மார்செய் வகைக் கட்டு ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். கூடவே நன்றாக விற்கும் புத்தகம் ஒன்றும் வாங்கினேன். ‘கோப்பை ஐந்து’ சீட்டுக்குப் புத்தகம் என்ன சொன்னது தெரியுமா? கறுப்பு அங்கி போர்த்திய ஒருவர் தலை குனிந்து நிற்கிறார், முன்னால் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடக்கின்றன, முதுகுக்குப் பின்னால் இரண்டு நிமிர்ந்து நிற்கின்றன, இழந்ததையே பார்க்கிறவருக்கு மிச்சமிருப்பது தெரியவில்லை. விளக்கமெல்லாம் அருமை. ஆனால் என் கையில் இருந்த சீட்டில் ஆளே இல்லை. ஐந்து கோப்பைகள், நடுவே கொஞ்சம் இலையும் பூவும், அவ்வளவுதான். அச்சுப் பிழை என்றே நினைத்தேன்.

பிழை என்னுடையது. அங்கி போர்த்திய அந்த ஆள் வருவது 1909-ல் லண்டனில் ரைடர் பதிப்பகம் வெளியிட்ட கட்டில். ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற ஓவியர் 78 சீட்டுகளுக்கும் படம் வரைந்தார். எண் சீட்டுகளில்கூட மனிதர்களையும் சம்பவங்களையும் வரைந்ததுதான் அதன் தனித்தன்மை. இன்று விற்பனையில் இருக்கும் டாரட் புத்தகங்களில் பெரும்பாலானவை, அட்டையில் சொல்லாவிட்டாலும், இந்தக் கட்டை மனதில் வைத்து எழுதியவையே.

வாங்கும் முன் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. மாதிரிப் பக்கங்களில் பொருளடக்கத்தைத் திறந்து, பெரிய சீட்டுகளில் (கோப்பை, வாள் போன்ற வகைகளில் சேராமல் தனிப்பெயரோடு வரும் 22 சீட்டுகள்) 8-ம் எண் எது என்று பாருங்கள். ‘நீதி’ என்றிருந்தால் அது மார்செய் வழி. ‘வலிமை’ என்றிருந்தால் வெயிட் வழி. அந்தக் கட்டில் 8-ம் 11-ம் இடம் மாறியிருக்கும்.

டாரட்தான் வேண்டும் என்றில்லையே? லெனோர்மான் என்ற கட்டில் 36 சீட்டுகள்தான். குதிரைக்காரன், வீடு, பாம்பு, கடிதம், எலிகள், நங்கூரம் என்று எளிய படங்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு சாதாரணச் சீட்டும் அச்சிட்டிருக்கும்: குதிரைக்காரனுக்கு ஆர்ட்டின் ஒன்பது, கடைசியில் வரும் சிலுவைக்குக் கிளாவர் ஆறு. இதில் தனிச் சீட்டுக்குப் பெரிய பலன் கிடையாது. பக்கத்தில் விழுந்த சீட்டோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஆகவே இதற்கான புத்தகத்தில் நான் முதலில் தேடுவது, 36 சீட்டுகளையும் மொத்தமாகப் பரப்பி, ஒரு முழு வாசிப்பை அடிக்கு அடி விளக்கியிருக்கிறார்களா என்பதை. சீட்டுக்கு இரண்டு பக்கம் வீதம் பலன் எழுதிவிட்டு முடித்துக்கொள்ளும் புத்தகம் அகராதி மாதிரி. அகராதியை மனப்பாடம் செய்தால் பேச வந்துவிடாது.

வரலாற்று அத்தியாயத்தையும் விடாதீர்கள், ஆசிரியரின் யோக்கியதை அங்கேதான் தெரியும். டாரட் எகிப்தியக் கோயில் ரகசியம் என்று எழுதியிருந்தால் உஷார். 15-ம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுக்காகப் பிறந்த சீட்டு அது. எகிப்துக் கதையை 1781-ல் கிளப்பிவிட்டவர் கூர் த ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர். ஷாம்போலியோன் எகிப்திய எழுத்தின் புதிரை அவிழ்த்ததோ 1822-ல்தான்! அதேபோல, லெனோர்மான் கட்டை உருவாக்கியவர் அந்தப் பெயர் கொண்ட, குறி சொல்லிப் புகழ்பெற்ற பாரிஸ் அம்மையார்தான் என்று ஒரு புத்தகம் அடித்துச் சொன்னால் அதையும் கீழே வைத்துவிடலாம். அது 1800 வாக்கில் ஜெர்மனியின் நூரெம்பர்க்கில், ஹெக்டல் என்பவர் உருவாக்கிய ‘நம்பிக்கை விளையாட்டு’. சீட்டுகளைச் சதுரமாகப் பரப்பி, பகடை உருட்டி, காய் நகர்த்தி ஆடுவது. நம் பரமபதம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 35-ம் கட்டத்து நங்கூரத்தைத் தொட்டவர் ஜெயித்தார். அம்மையார் 1843-ல் இறந்த பிறகுதான் அவர் பெயரை அதற்கு ஒட்டினார்கள்.

வீட்டில் ரம்மி ஆடும் சீட்டே போதும் என்றால் செலவு இன்னும் குறைவு. 1770-லேயே எத்தெய்யா என்ற பாரிஸ்காரர் இதற்குப் புத்தகம் போட்டிருக்கிறார். ஏழிலிருந்து ஏஸ் வரையான 32 சீட்டுகளோடு, குறி கேட்பவருக்காக ஒரு தனிச் சீட்டு. இன்றைய புத்தகங்களில் சில 32-க்கும், சில 52-க்கும் பலன் சொல்கின்றன. இரண்டைக் கலக்காதீர்கள்.

உங்களுக்கு என் யோசனை: லெனோர்மானில் தொடங்குங்கள். 78 படங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். அந்த 1,900 ரூபாய் விலையில் கட்டும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அவ்வளவு கொடுக்கத் தேவையில்லை. சீட்டைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கலாம் என்கிற புத்தகத்தை ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேள்வி: டாரட் கட்டுடன் கையேடும் உண்டு என்ற விளம்பரத்தைப் பார்த்து ஆன்லைனில் வாங்கினேன். பெட்டிக்குள் கையேடு இல்லை, ஒரு கியூஆர் கோடு சீட்டுதான். ஏமாந்துவிட்டேனா? (வாசகர், ஈரோடு)

பதில்: பெரும்பாலும் போலிப் பதிப்புதான். பதிப்பகத்தின் பெயர் இல்லாத பெட்டி, அசலைவிடச் சின்ன அளவு, மங்கிய வண்ணம் ஆகியவையும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, திரும்ப அனுப்பும் கெடு முடிவதற்குள் புகார் கொடுங்கள். போலிப் பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப வாங்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.

கேள்வி: வெயிட் எழுதிய மூலப் புத்தகமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறதே, அது திருட்டுப் பிரதியா? (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பதில்: இல்லை. அவர் இறந்தது 1942-ல். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் காலமாகி 60 ஆண்டுகள் வரைதான் காப்புரிமை. அது 2002-ன் முடிவோடு போய்விட்டது. தாராளமாக இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் புத்தகமாக அதைப் படிக்காதீர்கள். ஆங்கிலம் சுற்றி வளைத்துப் போகும், பாதி விஷயத்தைச் சொல்லாமல் சொல்வார், பலன்களோ தந்தி வாசகம் மாதிரி இருக்கும். கடைசிப் பகுதியில் வரும் பத்துச் சீட்டு முறையை மட்டும் இப்போதே பார்த்துவிடலாம்.