பெரியப்பாவின் ‘சர்’ பட்டம் யாருக்குப் போகும்?

லண்டனில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “என்னோடு வேலை பார்க்கும் ஆங்கிலேய நண்பரின் பெரியப்பா ஒரு பரோனெட், அதாவது பரம்பரையாக வரும் ‘சர்’ பட்டம் உள்ளவர். போன வருடம் இறந்துவிட்டார். அவருக்கு இரண்டு மகள்கள், ஒரு தத்து மகன். நண்பரின் அப்பா அவருக்கு ஒரே தம்பி, அவரும் இப்போது இல்லை. நண்பர் ஒரே பிள்ளை. பட்டம் இவருக்கு வருமா? டிஎன்ஏ சோதனை எடுக்கச் சொல்கிறார்களே, எடுக்கலாமா?”

வர நிறைய வாய்ப்பு இருக்கிறது. ஆனால் முதலில் ஒன்று பார்க்க வேண்டும்: இந்தப் பட்டத்தை முதன்முதலில் வாங்கியது யார்? நண்பரின் தாத்தாவோ அவருக்கு முந்தியவரோ என்றால் சரி. பெரியப்பாவே முதல் பரோனெட் என்றால் கதை முடிந்தது. ஏனென்றால் பட்டம் தந்த சாசனத்தில் வழக்கமாக இருப்பது ‘அவர் உடம்பில் பிறந்த ஆண் வாரிசுகள்’ என்ற நிபந்தனை, தம்பி மகன் அதற்குள் வரமாட்டார். பழைய ஸ்காட்லாந்து சாசனங்கள் சிலவற்றில் வாசகம் இதைவிடத் தாராளமாக இருக்கும், அதனால் யூகிக்காமல் சாசனத்தையே பார்த்துவிடுங்கள்.

மகள்களுக்குப் பொதுவாகக் கிடைக்காது. 2013-ல் வந்த சட்டம் அரியணைக்கு மட்டும்தான் ஆண், பெண் வேறுபாட்டை எடுத்தது, பட்டங்களைத் தொடவில்லை. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. தத்து மகனுக்குச் சொத்தில் உரிமை உண்டு, பட்டத்தில் கிடையாது.

இந்தப் பட்டம் பிறந்ததே பணத் தேவையில்தான். 1611-ல் மன்னர் முதலாம் ஜேம்ஸ், அயர்லாந்தின் வடக்கே உள்ள அல்ஸ்டரில் படை வைக்க வேண்டியிருந்தது. ஒரு சிப்பாய்க்கு நாளைக்கு 8 பென்ஸ், 30 பேருக்கு 240 பென்ஸ், அன்றைய கணக்கில் சரியாக ஒரு பவுண்ட். மூன்று வருடத்துக்கு 1,095 நாள். அந்த 1,095 பவுண்டைக் கட்டியவர் பரோனெட் ஆனார், அவருக்குப் பின் அவர் மகன், பேரன் என்று போனது.

இப்போது டிஎன்ஏ விஷயம். எல்லோரும் பேசுவது பிரிங்கிள் வழக்கை. ஸ்காட்லாந்தில் ஸ்டிச்சில் என்ற ஊரின் பிரிங்கிள் குடும்பத்துக்கு 1683-ல் இரண்டாம் சார்லஸ் கொடுத்த பட்டம் அது. எட்டாவது பரோனெட் 1919-ல் இறந்ததும் மூத்த மகன் ஒன்பதாவது ஆனார், அவர் மகன் சர் ஸ்டூவர்ட் பிரிங்கிள் பத்தாவது. இந்த ஸ்டூவர்ட் பிரிட்டிஷ் கடற்படையின் ராயல் மரீன்ஸ் படைக்குத் தலைவராக இருந்தவர், 1981-ல் ஐஆர்ஏ என்ற அயர்லாந்து ஆயுதக் குழு வைத்த கார் குண்டில் ஒரு காலை இழந்தவர். குலத் தலைவர் யார் என்று தேடும் ஒரு குடும்ப முயற்சிக்காக அவரும் டிஎன்ஏ மாதிரி கொடுத்திருந்தார், அதில்தான் ஒன்பதாவது பரோனெட் எட்டாவதுக்குப் பிறந்த பிள்ளையே இல்லை என்று வெளிப்பட்டது. 2013-ல் ஸ்டூவர்ட் இறந்தபின் அவர் மகனும், எட்டாவதின் இளைய மகன் வழிப் பேரனும் பட்டம் கேட்டார்கள். 2016 ஜூனில், அரசிக்கு ஆலோசனை சொல்லும் பிரிவி கவுன்சிலின் நீதிக்குழு டிஎன்ஏவை ஆதாரமாக ஏற்று, பேரன் பக்கம் சொன்னது. ஆக 94 வருடம் பட்டம் வேறு வழியில் போயிருக்கிறது. உங்கள் நண்பர் விஷயத்தில் போட்டிக்கு யாரும் இல்லாதபோது சோதனை எதற்கு? சான்றிதழ் போதும் என்கிற இடத்தில், செத்துப்போன பாட்டியின் வாழ்க்கையைக் கிளற வேண்டாம் என்பது என் கருத்து.

பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1910 முதல் அதிகாரபூர்வமான பரோனெட் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் பெயர் ஏறாதவரை அரசு ஆவணங்களில் ‘சர்’ என்று எழுத மாட்டார்கள். பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றிதழ்களை வைத்து, பெரியப்பாவுக்குச் சொந்த மகன் இல்லை என்பதையும் காட்ட வேண்டும். தேதிகளைக் கவனியுங்கள்: பெற்றோரின் கல்யாணத்துக்கு முன்பே பிறந்த பிள்ளைக்கு, அவர்கள் பிறகு மணந்துகொண்டாலும் இங்கிலாந்துப் பட்டம் கிடைக்காது, ஸ்காட்லாந்துப் பட்டத்துக்கு விதி வேறு. வீடு, நிலம் எதுவும் பட்டத்தோடு சேர்ந்து வராது, அதற்கு உயிலைப் பார்க்க வேண்டும்.

நண்பரிடம் முதலில் அவருடைய தாத்தா, பாட்டியின் திருமணச் சான்றிதழையும், அப்பாவின் முழுப் பிறப்புச் சான்றிதழையும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.