கல்லில் நெய் ஊற்றலாமா?

போன இதழில், "பிரட் வாட்டும்போது கல்லில் நெய் ஊற்றாதீர்கள், இறக்கிய பிறகு தடவுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். சக்கைக் (பலாக்காய்) குழம்புக்கும் மரச்சீனிக் கிழங்குக்கும்கூட இத்தனை கடிதம் வந்ததில்லை. அதனால் இந்த முறை முழுக்க டோஸ்ட்தான்.

தக்கலை வாசகி: அக்கா, நெய் விட்டு வாட்டினால்தானே மணம்? எங்கள் மாமி அப்படித்தான் செய்வார்கள். நீங்கள் சொன்னபடி வெறுங்கல்லில் வாட்டினேன். அப்பளம் மாதிரி இருக்கிறது என்கிறார் அத்தான்.

உங்கள் மாமியோடு சண்டைக்கு வரவில்லை. நெய்யில் பொரித்த பிரட்டும் ருசிதான், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்கிற பலகாரம். ஆனால் அதை டோஸ்ட் என்று நான் சொல்ல மாட்டேன்.

பிரட்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர்தான். அந்த ஈரம் மேலே இருக்கிற வரைக்கும் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சுமார் 140 டிகிரிக்கு மேலே போனால்தான் மாவிலுள்ள சர்க்கரையும் புரதமும் சேர்ந்து அந்தப் பொன்னிறமும் வாசனையும் வரும். 1912-இல் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி வைத்த சங்கதி இது. ஆக, முதல் வேலை ஈரத்தை விரட்டுவது. அதற்கு முன்னால் நெய்யை ஊற்றினால் பிரட்டின் துளையெல்லாம் அதைக் குடித்துவிடும். வெளியே மொறுமொறு, உள்ளே கனம். இரண்டு துண்டு தின்றால் மத்தியானம் வரை பசிக்காது.

என் கணக்கு இதுதான்: முந்தின நாள் பிரட், நன்றாகக் காய்ந்த இரும்புக் கல், நடுத்தரத் தீ. மீன் பொரிக்கிற கல் வேண்டாம். எத்தனை தேய்த்தாலும் சாளை வாசம் பிரட்டில் ஏறிவிடும். துண்டைப் போட்டதும் கரண்டியால் அமுக்காதீர்கள். மேலே கையைக் காட்டினால் உள்ளங்கையில் ஆவி ஈரமாகப் படும். அது குறைந்து, ஓரம் கல்லை விட்டு லேசாக எழும்பும்போது திருப்புங்கள். இறக்கியதும், வெளியே வைத்து இளகிய வெண்ணெயைச் சூட்டோடு தடவுங்கள். நெய்தான் வேண்டுமென்றால் அதையும் அப்போதே தடவலாம். மணம் எங்கும் போகாது.

அத்தான் சொல்லும் அப்பளத்துக்குக் காரணம் தீ. சிம்மில் வைத்து வெகுநேரம் போட்டிருப்பீர்கள். நிறம் வருவதற்குள் நடுவிலும் ஈரம் வற்றி ரஸ்க் ஆகிவிடும். பாக்கெட்டில் வருகிற மெல்லிய துண்டுக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். பேக்கரியில் வெட்டாத பிரட்டாகக் கேட்டு வாங்கி, ஒரு விரல் கனத்துக்கு நீங்களே வெட்டிப் பாருங்கள்.

நாகர்கோவில் கல்லூரி மாணவர்: ஓரத்தை வெட்டிவிட்டு வாட்டலாமா ஆன்டி?

வேண்டாம் மக்களே. பேக்கரிக்காரர் ஏற்கெனவே ஒரு தடவை வாட்டித் தந்த இடம் அது. டோஸ்ட்டில் எனக்குப் பிடித்த பாகமே அதுதான். வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் எனக்கு அனுப்பி வை.

கருங்கல் வாசகர்: ஜாமைத் தவிர நம்ம ஊர் சாமானில் டோஸ்ட்டுக்குத் தடவ என்ன இருக்கிறது?

ஜாம் பாட்டிலை ஓரமாக வையுங்கள். நம்ம குமரி மாவட்டத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை.

முதலில் மார்த்தாண்டம் தேன். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. இதில் பெரும்பகுதி ரப்பர் தோட்டத்துத் தேன். ரப்பர் பூவிலிருந்து வருவது என்று பலரும் நினைக்கிறார்கள். மரம் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும்போது, இலைக்காம்பின் நுனியில் சொட்டுச் சொட்டாக இனிப்பு நீர் சுரக்கும். தேனீ எடுப்பது அதை. இந்தத் தேன் வைத்திருந்தால் சீக்கிரம் உறைந்து மணல் மணலாக ஆகிவிடும். உடனே "சீனி கலந்துவிட்டான்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறார்கள். உறைவதை மட்டும் வைத்துக் கலப்படம் என்று சொல்ல முடியாது, நல்ல தேனும் உறையும். டோஸ்ட்டுக்கு எனக்கு உறைந்த தேன்தான் வேண்டும். இளகின தேன் துளை வழியாக இறங்கித் தட்டில் போய் நிற்கும். உறைந்தது வெண்ணெய் மாதிரி மேலேயே நிற்கும், பல்லில் லேசாக நறநறக்கும்.

அப்புறம் கருப்பட்டி. தண்ணீர் கொஞ்சமாக விட்டு உருக்கி, மண் போக வடிகட்டி, சுக்குத்தூள் போட்டுக் கெட்டியாகக் காய்ச்சுங்கள். கரண்டியிலிருந்து நூலாக இறங்காமல் சொட்டாக விழுகிற பதம். வெண்ணெய் தடவிய டோஸ்ட்டில் இதை விட்டு, மேலே துருவிய தேங்காய். வெண்ணெய் உப்பு போட்டதாக இருந்தால் இன்னும் எடுப்பாக இருக்கும். மட்டிப்பழம் இருந்தால் பிசைந்து வைக்கலாம், வேறு எதுவுமே வேண்டாம். ஏத்தன்பழத்தை (நேந்திரம்பழம்) மட்டும் பச்சையாக வைக்காதீர்கள். நெய்யில் வாட்டி வையுங்கள். பழத்துக்கு நெய் விடலாம், தடையில்லை.

குலசேகரம் வாசகி: மழைக்காலத்தில் பிரட் இரண்டு மூன்று நாளில் பூத்துவிடுகிறது. ஃபிரிட்ஜில் வைத்தால் கட்டையாகிறது. பூத்த இடத்தை மட்டும் கிள்ளிவிட்டு வாட்டலாமா?

கிள்ளாதீர்கள். பச்சையாகத் தெரிவது பூஞ்சையின் வெளியே வந்த பாகம் மட்டும்தான். அதன் நூல் உள்ளே எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வாட்டினாலும் அதன் நச்சு எல்லாம் போய்விடாது. மொத்தமாக வீசுங்கள்.

நமக்கு ஆனி ஆடி மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. இரண்டு பருவத்திலும் நனைகிற ஊரில் பிரட் பூப்பது அதிசயமில்லை. ஃபிரிட்ஜில் வைத்தால் பூப்பது தள்ளிப்போகும். ஆனால் அந்தக் குளிரில் மாவுச்சத்து மறுபடி இறுகுகிறது, வெளியே இருப்பதைவிட வேகமாக. அதனால்தான் கட்டை. மேலே ஐஸ் பெட்டியில் வைத்தால் அந்த இறுக்கம் அநேகமாக நின்றுவிடும். வாங்கிய அன்றே துண்டு போட்டு, காற்றுப் புகாத கவரில் கட்டி வையுங்கள். வேண்டியதை எடுத்து அப்படியே கல்லில் போடலாம். சூடு பட்டதும் மாவுச்சத்து இளகிக்கொடுக்கும், உள்ளே மெத்தென்று வரும்.

குளச்சல் வாசகி: என் வீட்டுக்காரருக்குக் கருகக் கருக வாட்டினால்தான் பிடிக்கும். புற்றுநோய் வரும் என்று மைனி பயமுறுத்துகிறார்.

மைனி எதைப் படித்தார் என்று புரிகிறது. மாவுப் பண்டத்தை அதிகச் சூட்டில் வாட்டினாலும் பொரித்தாலும் அக்ரிலமைடு என்ற பொருள் உண்டாவதை 2002-இல் சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் சொன்னார்கள். நிறம் கறுக்கக் கறுக்க அது கூடும். விலங்குகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது புற்றுநோய் வந்தது. மனிதர்கள் உணவில் சாப்பிடுகிற அளவுக்கு அப்படி உறுதியான முடிவு இல்லை. வறுத்த காப்பிக்கொட்டையிலும் இது உண்டு. 2017-இல் பிரிட்டன் உணவு ஆணையம் மக்களுக்குச் சொன்னது, பொன்னிறத்தோடு நிறுத்துங்கள் என்றுதான். நானும் அதையே சொல்வேன், அதைவிட ருசிக்காகச் சொல்வேன். கருகிவிட்டால் கசப்பைத் தவிர வேறு எதுவும் நாக்குக்குத் தெரியாது. உங்கள் வீட்டுக்காரருக்கு ஓரம் மட்டும் கறுக்கட்டும், நடு பொன்னிறமாக இருக்கட்டும். பேச்சுவார்த்தைக்கு அது போதும்.

இரணியல் வாசகர்: லண்டனிலிருந்து வந்த மருமகன் ஒரு கம்பிச் சட்டம் தந்தார். டோஸ்ட்டை நிறுத்தி வைக்கவாம். நாங்கள் கடிதம் சொருகி வைத்திருக்கிறோம்.

நல்ல உபயோகம்தான்! ஆனால் மருமகன் சொன்னது சரி. சூடான டோஸ்ட்டைத் தட்டில் படுக்கப் போட்டால் அடியிலிருந்து வருகிற ஆவிக்குப் போக்கிடம் இல்லை. தட்டைத் தூக்கிப் பாருங்கள், எவர்சில்வரில் வியர்த்திருக்கும். நிறுத்தி வைத்தால் மொறுமொறுப்பு நிற்கும். என்ன, சீக்கிரம் ஆறிவிடும், வெண்ணெய் உருகாது. நான் இரண்டு துண்டைக் கூரை போலச் சாய்த்து வைத்து, ஆவி அடங்கியதும் தடவிவிடுவேன். சட்டத்தில் கடிதமே இருக்கட்டும்.

திங்கள்நகர் வாசகி: மாமனார் டோஸ்ட்டைத் தொடவே மாட்டார். "காய்ச்சக்காரனுக்குள்ளதை எனக்கு ஏன் வைக்கிறாய்" என்கிறார்.

அந்தத் தலைமுறைக்குப் பிரட் என்றால் ஆஸ்பத்திரி, பால், கசப்பு மாத்திரை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பாலையும் சீனியையும் காட்டாதீர்கள். முந்தின நாள் மீன் புளிமுளம் (நம்ம ஊர் மீன் குழம்பு), சட்டியில் வற்றிக் கெட்டியானது இருக்குமே, அதைச் சூடாக்கி, கனமான டோஸ்ட்டை வெண்ணெய் இல்லாமல் பக்கத்தில் வையுங்கள். ஒன்றும் சொல்லாதீர்கள். சட்டியை வழிக்க அவருக்கு ஏதாவது வேண்டியிருக்கும்.

அருமனை வாசகர்: சாயாவில் முக்கிச் சாப்பிடலாமா?

வெறும் டோஸ்ட் என்றால் தாராளமாக. வெண்ணெய் தடவியதை முக்கினால் மேலே எண்ணெய் மிதக்கும், கடைசி வாய் குடிக்க முடியாது.