திமிங்கலம் இழுத்தால் அறுபட வேண்டிய கயிறு

கேள்வி: அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இருக்கிறேன். வரும் வசந்தத்தில் ஒரு லாப்ஸ்டர் (சிங்கி இறால்) படகில் உதவியாளாகச் சேரப் போகிறேன். கேப்டன் கரையிலிருந்து 3 மைலுக்கு அப்பால், 12 மைலுக்குள் கடலடியில் கூடு (லாப்ஸ்டர் பிடிக்கும் பொறி) போடுகிறவர். குளிர்காலம் முடிவதற்குள் போயாக் கயிறு (கூட்டை மேலே மிதக்கும் போயாவோடு இணைப்பது) எல்லாவற்றுக்கும் ஊதா, பச்சைக் குறி போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு இடத்தில் ‘வீக் லிங்க்’ (பலவீன இணைப்பு) வைத்துத் தரச் சொல்கிறார். எங்கே, எப்படி வைப்பது? கயிற்றை நாமே பலவீனமாக்கினால் கூடுகள் கடலோடு போய்விடாதா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறோம். அந்தப் பயம் தெளியாமல் மற்றதைச் செய்தால் கை அரைமனதோடுதான் வேலை செய்யும்.

கூடு போகாது. இணைப்பு சரியான இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் போகும் 3 முதல் 12 மைல் பகுதியில் ஒவ்வொரு போயாக் கயிற்றிலும் இரண்டு பலவீன இணைப்புகள் வேண்டும். போயாவிலிருந்து அளந்தால் கயிற்றின் மொத்த நீளத்தில் 25 சதவீதத்தில் ஒன்று, 50 சதவீதத்தில் ஒன்று. கயிற்றில் சிக்கிய திமிங்கலம் உதறி விடுபட, இரண்டும் 1,700 பவுண்டு, அதாவது சுமார் 770 கிலோ இழுவைக்குள் அறுந்துவிட வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆழம் 40 பாகம். (நம் கடற்கரையில் பாகம் என்று சொல்லும் அதே ஆறடியைத்தான் அங்கே ஃபேதம் என்கிறார்கள்.) நீரோட்டத்துக்கும் அலைக்கும் இடம் விட்டு ஒன்றரை மடங்கு, 60 பாகம் கயிறு கட்டியிருக்கிறீர்கள். முதல் இணைப்பு 15ஆவது பாகத்தில், இரண்டாவது 30ஆவது பாகத்தில். போயாவைப் பிடித்து ஹாலரில் (கயிறிழுக்கும் இயந்திரம்) போட்டதும் முதலில் வருவது தளர்ந்து கிடக்கும் கயிறு. கயிறு நேர்ச் செங்குத்தாக நின்று கூட்டின் கனம் ஏறத் தொடங்கும்போது 20 பாகம் படகுக்குள் வந்திருக்கும். முதல் இணைப்பு அதற்குள் உங்கள் காலடியில் கிடக்கும். வரிசையாகக் கோத்த கூடுகளில் முதல் கூடு தரையை விட்டு 10 பாகம் எழும்புவதற்குள் இரண்டாவதும் உள்ளே வந்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாகக் கூடுகள் தொங்கி, சுமை ஏறுவது அதற்கப்புறம்தான். அப்போது ஹாலரைத் தாண்டித் தண்ணீரில் இருப்பது முழுப் பலமுள்ள கயிறு. விதியை எழுதியவர்கள் சதவீதத்தைப் போயாவிலிருந்து வைத்ததால் மீனவனுக்குக் கிடைக்கும் லாபம் இது.

ஆபத்தான நேரம் ஒன்று உண்டு. கூடு பாறையிடுக்கில் சிக்கியிருக்கும்போது, அல்லது இன்னொருவரின் கூட்டு வரிசை உங்களுடையதன்மேல் குறுக்கே விழுந்திருக்கும்போது, இரண்டாவது இணைப்பு இன்னும் தண்ணீரில்தான் இருக்கும். அந்த நேரத்தில் ஹாலரை முறுக்கினால் அது அறும், அறுவதற்காகத்தானே வைத்தோம். கயிற்றைத் தளர்த்தி, படகைச் சுற்றிக் கொண்டுபோய், கூடு எந்தத் திசையிலிருந்து போடப்பட்டதோ அந்தத் திசைக்கே இழுத்துப் பாருங்கள். வரிசைக்கு இரண்டு முனையிலும் போயா இருந்தால் மறுமுனையிலிருந்து எடுக்கலாம். ஒற்றைக் கயிறு என்றால் இடத்தைக் குறித்துக்கொண்டு பாதாளக் கொலுசு போட்டுத் துழாவ வேண்டியதுதான்.

இப்போது வைக்கும் முறை. உங்கள் கேப்டன் ‘வீக் லிங்க்’ என்றாலும் அவர் கேட்பது ‘வீக் இன்சர்ட்’ ஆகத்தான் இருக்கும். பழைய வீக் லிங்க் போயாவின் கழுத்தில் இருப்பது. போயா மட்டும் பிய்த்துக்கொண்டு போக அது உதவும். கீழே இருக்கும் கயிற்றை அது ஒன்றும் செய்யாது. புதியது கயிற்றின் உடம்பிலேயே இருக்கிறது. மாசசூசெட்ஸின் சவுத் ஷோர் லாப்ஸ்டர் மீனவர்கள் கொண்டுவந்த உறை இதில் பேர்பெற்றது. குழாய்போல் உள்ளீடற்ற பின்னல் கயிறு அது. போயாக் கயிற்றை வெட்டி, இரண்டு முனைகளையும் உறைக்குள் இரு பக்கத்திலிருந்தும் செலுத்தி, உறையின் விளிம்புகளைக் கயிற்றின் புரிகளுக்குள் கோத்துக் கட்ட வேண்டும். சுமை மீறினால் உறை கிழியும், கயிற்று முனை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். முடிச்சு எதுவும் மிஞ்சாது. இந்த வழுவழுப்பு ஏன் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறோம். பிளாஸ்டிக் இணைப்புகளும் இருக்கின்றன. கயிறு முழுவதுமே 1,700 பவுண்டில் அறும் ரகமாகவும் விற்கிறார்கள்.

எதை வாங்கினாலும் அமெரிக்க மீன்வளத்துறை ஒப்புதல் தந்த பட்டியலில் அது இருக்கிறதா, உங்கள் கயிற்றின் விட்டத்துக்குத்தான் அந்த ஒப்புதலா என்று பாருங்கள். ஒரு விட்டத்துக்குச் செய்த உறையை இன்னொன்றில் திணித்தால், ஒன்று 1,700-ஐத் தாண்டியும் அறாது, அல்லது சாதாரண இழுவையிலேயே நழுவும். சொந்தமாக ஒரு முடிச்சைக் கண்டுபிடித்து ‘இது அறும்’ என்று நம்புவது கூடவே கூடாது.

அடிக்கடி நடக்கும் தப்பு ஒன்று: நீளத்தை மாற்றிவிட்டு இணைப்பை மாற்றாமல் விடுவது. 60 பாகக் கயிற்றின் அடியில் இன்னொரு 10 பாகம் சேர்த்து ஆழமான இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். இப்போது 25 சதவீதம் என்பது பதினேழரைப் பாகம், 50 சதவீதம் 35 பாகம். பழைய இணைப்புகள் இரண்டும் இடம் தவறிவிட்டன. ஆகவே முதலில் கேப்டனிடம் இந்த ஆண்டு எந்த ஆழத்துக்கு எத்தனை கயிறு என்று கேட்டு, நீளவாரியாகப் பிரித்துச் சுருட்டி, பிறகு கத்தியை எடுங்கள். 12 மைலுக்கு வெளியே போகும் கயிறுகள் இருந்தால் அவற்றைத் தனியே வையுங்கள். அங்கே கணக்கு வேறு: மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் ஒரே இணைப்பு. பக்கத்து மாசசூசெட்ஸ் கரையோரக் கடலில் 60 அடிக்கு ஒன்று என்கிறார்கள். அங்கிருந்து பழைய கயிறு வாங்கினால் இது நினைவிருக்கட்டும்.

குறிகளுக்கு வருவோம். மெய்னின் நிறம் ஊதா. மாசசூசெட்ஸுக்குச் சிவப்பு, நியூ ஹாம்ப்ஷயருக்கு மஞ்சள். 3 மைலுக்கு அப்பாலான மத்திய அரசுக் கடல் என்பதைக் காட்டுவது பச்சை. போயாவிலிருந்து 2 பாகத்துக்குள் 3 அடி நீளத்துக்கு ஒரு ஊதாக் குறி. பிறகு கயிற்றின் மேல், நடு, அடிப் பகுதிகளில் ஒவ்வோர் அடி நீளத்துக்கு ஊதா. இந்த நான்கு ஊதாவுக்கும் பக்கத்தில், 6 அங்குலத்துக்குள், ஒவ்வோர் அடி பச்சை. ஆக ஒரு கயிற்றுக்கு 6 அடி ஊதா, 4 அடி பச்சை.

சாயம், பெயிண்ட், வண்ண நூல் சுற்று, புரிகளுக்குள் கோத்த வண்ண இழை, சூட்டில் சுருங்கும் குழாய் எதுவானாலும் சரி. நிரந்தரமாக இருக்க வேண்டும், கயிற்றை மேலே எடுத்ததும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பெயிண்ட் அடிப்பதானால் கயிற்றை நல்ல தண்ணீரில் அலசி, உப்பும் பாசியும் போய், நன்றாகக் காய்ந்த பிறகு அடியுங்கள். புரிகளைச் சற்றே திருகித் திறந்து, இடுக்குக்குள்ளும் போகும்படி அடிக்க வேண்டும். மேலோட்டமாக அடித்தது ஹாலரின் தட்டுகளுக்கிடையே சில வாரங்கள் ஓடினால் உரிந்துவிடும். டேப்பின் விளிம்பு தூக்கிக்கொள்ளும். இழையைக் கோப்பது அதிக நேரம் பிடிக்கும், ஆனால் நிற்கும். நாங்கள் அதைத்தான் சொல்வோம்.

வேலையின் அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். மெய்னில் ஒரு உரிமத்துக்கு அதிகபட்சம் 800 கூடுகள். எட்டெட்டாகக் கோத்து இரு முனையிலும் போயா வைத்தால் 100 வரிசை, 200 கயிறு. அப்படியானால் 400 இணைப்பு, 1,600 குறி. ஒரு வாரத்தில் முடிகிற காரியமில்லை, இன்றே ஆரம்பியுங்கள். ஒரு வரிசையில் குறைந்தது எத்தனை கூடு என்பது கரையிலிருந்து உள்ள தூரத்தையும் மெய்னின் ஏழு மண்டலங்களில் உங்களுடையது எது என்பதையும் பொறுத்தது. 12 மைலுக்கு வெளியே 25 கூடு. இதே 800 கூட்டை இரண்டிரண்டாக ஒற்றைப் போயாவில் போட்டிருந்தால் 400 கயிறு நிற்கும். 25 வீதம் கோத்தால் 64. திமிங்கலத்துக்கு இந்த எண்ணிக்கைதான் கணக்கு.

அந்தத் திமிங்கலம் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலம். இன்று 400-க்கும் குறைவாகவே உயிரோடு இருக்கிறது; கன்று ஈனும் நிலையில் உள்ள பெண்கள் சுமார் 70. வாயை அகலத் திறந்தபடியே நீந்தி, பலீன் தகடுகளால் (மேல்தாடையில் சீப்புப்போல் தொங்குபவை) அரிசிமணி அளவான மிதவையுயிர்களை அரித்துத் தின்னும் பிராணி அது. வழியில் செங்குத்தாக நிற்கும் கயிறு திறந்த வாய்க்குள்ளேயே போய்விடுகிறது. மிரண்டு உருளும், உருளும்போது துடுப்பிலும் வாலடியிலும் சுற்றிக்கொள்ளும். கயிற்றில் முடிச்சு இருந்தால் அது பலீன் தகடுகளில் மாட்டிக்கொண்டு, கயிறு உருவி வெளியேற விடாது. அதனால்தான் மேலே வழுவழுப்பைப் பற்றிச் சொன்னோம், அதனால்தான் கயிறுகளை முடிச்சுப் போடாமல் புரி கோத்து இணைக்கச் சொல்கிறார்கள். இந்த இனத்தில் 85 சதவீதத்துக்கு மேற்பட்டவை ஒருமுறையாவது கயிற்றில் சிக்கிய தழும்போடு திரிகின்றன.

1,700 பவுண்டு என்ற எண்ணும் அந்த உடம்புகளிலிருந்து வந்ததுதான். திமிங்கலங்களிலிருந்து எடுத்த கயிறுகளைச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வு, அந்தப் பலத்துக்குள் கயிறு இருந்தால் உயிருக்கு ஆபத்தான சிக்கல்கள் 72 சதவீதமாவது குறையலாம் என்று கணித்தது. 1990களில் கயிறு தயாரிப்பு மாறி, அதே தடிமனில் பலம் கூடிய பிறகு காயங்கள் கடுமையாகின. வளர்ந்த திமிங்கலம் உதறினால் அறும் எல்லை இது. குட்டிகளின் பலத்துக்கு இது போதாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதனால்தான் பலவீன இணைப்பு மட்டும் போதாமல், கயிறுகளின் எண்ணிக்கையையும் சேர்த்துக் குறைக்கிறார்கள்.

2024 ஜனவரியில் மாசசூசெட்ஸின் மார்த்தாஸ் வினியார்டு தீவில் மூன்று வயதுப் பெண் திமிங்கலம் ஒன்று செத்து ஒதுங்கியது. இந்த இனத்தின் பட்டியலில் அதன் எண் 5120. 2022இல் கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில் பார்த்தபோதே அதன் வாலில் கயிறு இருந்தது. அது வளர்ந்தது, கயிறு வளரவில்லை. சாகும்போது வாலடிச் சதைக்குள் கயிறு ஆழப் புதைந்திருந்தது. அந்தக் கயிற்றில் ஊதாக் குறிகள் இருந்தன. எந்த மாநிலத்துக் கயிறு என்று அதை வைத்துத்தான் தெரிந்தது. நீங்கள் அடிக்கப்போகும் குறிக்கு வேலை இதுதான். குறியில்லாத கயிறு கிடைத்தால் பழி எல்லா மீனவர்மேலும் விழும். எந்தப் பகுதியில், எந்த வகைத் தொழிலில் விதியை இறுக்க வேண்டும் என்பதும் தெரியாமல் போகும்.

மற்ற விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கூட்டுக்குக் கூடு ஓடும் கயிறு மூழ்கும் ரகமாக இருக்க வேண்டும், 2009இலிருந்து இது கட்டாயம். மிதக்கும் கயிறு கூடுகளுக்கிடையே வில்லாக வளைந்து நின்று திமிங்கலத்தை மாட்டிவிடும். போயாக் கயிறு நீர்ப்பரப்பில் மிதந்து கிடக்கக் கூடாது, ஆகவே மேல்பாதிக்கு மூழ்கும் கயிறு, பாறையில் உரசாமலிருக்க அடிப்பகுதிக்கு மட்டும் மிதக்கும் கயிறு என்று கட்டுவது வழக்கம். 30 நாளுக்கு ஒருமுறையாவது கூட்டைத் தூக்கியாக வேண்டும். மெய்னுக்கு வெளியே சுமார் 967 சதுர மைல் பரப்பில் அக்டோபர் முதல் ஜனவரி வரை போயாக் கயிறே கூடாது. இப்போதைய மத்திய விதிகள் 2021 செப்டம்பரில் வெளியாகி 2022 மே 1 முதல் நடப்பில் உள்ளவை. 2022 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் 2028 முடியும்வரை அவையே போதும் என்கிறது. ஆனாலும் மாநில விதிகள் தனியே மாறலாம், ஆகவே சீசனுக்கு முன் மெய்ன் கடல்வளத் துறையின் தாளை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். உதிரியாக எடுத்துப்போகும் கயிறுகளுக்கும் இதே குறி, இதே இணைப்பு போட்டு வையுங்கள்.

கயிறோடு நீந்தும் திமிங்கலத்தைக் கண்டால் கத்தியை எடுக்காதீர்கள். உங்கள் கைக்கு எட்டுவது வெளியே தெரியும் வால்கயிறு மட்டும்தான். அதை வெட்டினால் வாய்க்குள்ளும் துடுப்பிலும் உள்ள சுற்று அப்படியே இருக்கும், மீட்புக் குழுவுக்குப் பிடித்து நிறுத்தக் கயிறும் இருக்காது. 2017 ஜூலையில் கனடாவில் ஜோ ஹௌலெட், தானே லாப்ஸ்டர் மீனவர், மீட்பில் பல ஆண்டு அனுபவம் உள்ளவர், ஒரு ரைட் திமிங்கலத்தின் கயிற்றை அறுத்துவிட்ட மறுகணம் அதன் அடிபட்டு இறந்தார். நீங்கள் செய்ய வேண்டியது வானொலியில் 16ஆவது சேனலில் கடலோரக் காவல் படையைக் கூப்பிடுவது. இருக்கும் இடம், நேரம், அது போகும் திசை, உடம்பில் கயிறு எங்கே சுற்றியிருக்கிறது, போயா இருந்தால் அதன் நிறம், கயிற்றில் தெரியும் குறி ஊதா மட்டுமா, பக்கத்தில் பச்சையும் உண்டா என்று சொல்லுங்கள். முடிந்தால், குழு வரும்வரை தள்ளி நின்று அதைக் கண்பார்வையில் வைத்திருங்கள்.