ஆர்டருக்கு முன்னால் சாம்பிள்: சின்ன டிரஸ்ட்டுக்கு வெளிநாட்டு நிதி வருமா?

வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"வணக்கங்கண்ணா. நாலு வருசமா ஒரு டிரஸ்ட் நடத்தறனுங்க. மில்லு வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பத்துக் குழந்தைங்க 45 பேருக்குப் பகல்நேர மையம். ரெண்டு டீச்சர், ஒரு ஆயா. கடைசி மூணு வருசத்துச் செலவு 4.3 லட்சம், 5.4 லட்சம், 6.2 லட்சம். இதுல கணக்கு, போன், பெட்ரோல்னு வருசம் அம்பதாயிரம் போயிருதுங்க. 12ஏ, 80ஜி வருமான வரிப் பதிவு ரெண்டும் இருக்குது. வெளிநாட்டு ஃபண்டு வாங்கித் தர்றேன்னு ஒருத்தர் பத்துப் பர்சன்ட் கேக்கறாரு, பாதி முன்பணமாம். அமெரிக்காவுல சிட்டிசன் ஆயிட்ட எங்க பெரியப்பா பையன் பொங்கலுக்குள்ள அம்பதாயிரம் அனுப்பறேங்கறாரு. என்ன பண்ணலாமுங்க?"

பத்துப் பர்சன்ட்காரரை முதலில் அனுப்பிவிடுங்கள். நிதி திரட்டுவதையே தொழிலாகச் செய்பவர்களின் சர்வதேச நெறிமுறை சதவீதக் கூலியை ஒப்புவதில்லை. குழந்தைகளுக்கென்று ஒருவர் தந்த பணத்தில் பத்தில் ஒரு பங்கை எந்தத் தலைப்பில் கணக்கெழுதுவீர்கள்? திட்ட அறிக்கை எழுத ஆள் வேண்டுமென்றால் வேலைக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுங்கள், தப்பில்லை. இன்னொன்று. உங்களுக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கான அரசுப் பதிவு, இருக்கிறதா என்று அவர் கேட்டதாகவே உங்கள் கடிதத்தில் இல்லை. அதைக் கேட்காமல் வெளிநாட்டு நிதியைப் பற்றிப் பேசுகிறவருக்கு ஒன்று விஷயம் தெரியவில்லை, இல்லையென்றால் முன்பணம் மட்டும்தான் குறி.

சரி, எஃப்சிஆர்ஏ. வெளிநாட்டுப் பணம் ஒரு ரூபாய் வாங்குவதென்றாலும் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மத்திய உள்துறை அமைச்சகத்தில் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கு, டிரஸ்ட் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும். கடைசி மூன்று நிதியாண்டுகளில் 15 லட்சமாவது நேரடிப் பணிக்குச் செலவாகியிருக்க வேண்டும். உங்கள் கூட்டுத்தொகை 15.9 லட்சம். பார்த்தால் தாண்டிவிட்டது போலத்தான் தெரியும். ஆனால் நிர்வாகச் செலவைக் கழித்துவிட்டுத்தான் எண்ணுவார்கள். மூன்று வருடத்துக்கு ஒன்றரை லட்சம் போக 14.4. அறுபதாயிரத்தில் நழுவுகிறது! டீச்சர் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது. உங்கள் ஆடிட்டர் அதையும் அங்கே தள்ளியிருந்தால் பள்ளம் இன்னும் ஆழமாகத் தெரியும், ஒரு தடவை சரிபாருங்கள். இந்த வருடமும் இதே அளவு செலவு செய்தால், பழைய 4.3 லட்சம் கணக்கிலிருந்து விழுந்து, நேரடிச் செலவு மட்டும் 16 லட்சத்தைத் தாண்டும். ஆக, மார்ச் முடிந்து ஆடிட் ஆன பிறகு விண்ணப்பிக்கலாம். தொண்டு நிறுவனங்களுக்கான நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் எண் வாங்கவில்லை என்றால் அதை இப்போதே வாங்கிவிடுங்கள்.

பதிவு கிடைத்தால் பணம் முதலில் வந்து இறங்க வேண்டிய இடம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளை. அதற்காக டெல்லிக்கு ரயில் ஏற வேண்டியதில்லை, உள்ளூர் ஸ்டேட் வங்கிக் கிளை வழியாகவே கணக்குத் தொடங்கலாம். ஒவ்வொரு நிதியாண்டுக்குமான கணக்கை அடுத்து வரும் டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும், பணமே வராவிட்டாலும். வெளிநாட்டுப் பணத்தில் 20 சதவீதத்துக்கு மேல் நிர்வாகத்துக்குப் போகக் கூடாது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இந்தத் தேதியைத் தவறவிட்டவர்கள் அதிகம்.

திருப்பூர்ப் பழக்கத்தில் உங்களுக்கு அடுத்து ஒரு யோசனை வரும். பெரிய கம்பெனி ஆர்டர் எடுக்கிறது, சின்ன யூனிட்டுக்கு ஜாப் ஒர்க் போகிறது. அதே மாதிரி சென்னையிலுள்ள ஒரு பெரிய தொண்டு நிறுவனம் வாங்கும் வெளிநாட்டு நிதியில் நமக்குக் கொஞ்சம் ஒதுக்கினால் என்ன? 2020 செப்டம்பர் வரை அப்படித்தான் நடந்தது, பல சின்ன அமைப்புகள் அதில்தான் வளர்ந்தன. அந்த மாதத் திருத்தம் வழியை அடைத்துவிட்டது. இரண்டு பேரிடமும் பதிவு இருந்தாலும் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு அந்தப் பணம் போகக் கூடாது. சின்ன அமைப்புகளை இவ்வளவு நேராக அடித்த விதி வேறு இல்லை என்பது என் எண்ணம். எண்ணம் எப்படியிருந்தாலும் விதி விதிதான்.

வெளிக்காற்றும் இப்போது எதிராக வீசுகிறது. திருப்பூர்க் குடிநீர்த் திட்டத்துக்குக் கைகொடுத்த அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டு 2025 ஜூலை 1-ஆம் தேதியோடு கடையைக் கட்டிவிட்டது. பிரிட்டன் தன் வெளிநாட்டு உதவியை தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 2027-க்குள் 0.3 ஆகக் குறைப்பதாக அறிவித்திருக்கிறது. இந்தப் பணத்தை நம்பியிருந்த பெரிய அமைப்புகள் எல்லாம் இனி உங்களோடு ஒரே வரிசையில் நிற்கும்.

அதனால் என் ஆலோசனை: வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு ஒரு வருடம் இருக்கிறது, அதற்குள் உள்ளூரில் ஒரு சாம்பிள் போடுங்கள். பனியன் வாங்கும் எந்தப் பையரும் சாம்பிள் பார்க்காமல் ஆர்டர் கொடுப்பதில்லை. வெளிநாட்டு நன்கொடையாளர் கேட்கும் முதல் கேள்வியும் "இதுவரை உங்களுக்கு யார் கொடுத்தார்கள், அவர்கள் திரும்பவும் கொடுத்தார்களா?" என்பதுதான்.

முதல் வேலை, கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவை (சிஎஸ்ஆர்) வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 படிவம். 2021 ஏப்ரல் முதல் இந்தப் பதிவு எண் இல்லாத டிரஸ்ட்டுக்குக் கம்பெனிகள் சிஎஸ்ஆர் பணம் தர முடியாது. உங்களிடம் 12ஏ, 80ஜி, மூன்று வருடத்துக்கு மேல் வேலை செய்த அனுபவம் எல்லாம் இருக்கிறது. டிஜிட்டல் கையெழுத்தும் ஆடிட்டர் சான்றும்தான் பாக்கி. முந்தைய வருடம் நிகர லாபம் 5 கோடியைத் தொட்ட கம்பெனி, மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவு செய்தாக வேண்டும். சராசரியும் 5 கோடி என்றால் 10 லட்சம், உங்கள் ஒரு வருடச் செலவைவிட அதிகம். கடமைத் தொகை 50 லட்சத்தைத் தாண்டாத கம்பெனிக்குத் தனி சிஎஸ்ஆர் கமிட்டிகூடத் தேவையில்லை. நம் பக்கத்துக் குடும்பக் கம்பெனிகள் பலவற்றில் முடிவெடுப்பது முதலாளியும் அவர் வீட்டாரும்தான். பவர்பாயின்ட் வேண்டாம், ஒரு நாள் மையத்துக்குக் கூட்டி வாருங்கள், குழந்தைகள் சாப்பிடும் நேரத்தில். பேச்சை ஜூன், ஜூலையில் ஆரம்பியுங்கள். பிப்ரவரி கடைசியில் "உடனே ஒரு திட்டம் அனுப்புங்க, மார்ச்சுக்குள்ள முடிக்கணும்" என்று எங்கிருந்தாவது ஒரு போன் வரும். அதற்கும் ஒரு பிரதி தயாராக இருக்கட்டும்.

திருப்பூரில் நிறைய ஏற்றுமதி நிறுவனங்கள் கம்பெனிகளே அல்ல, பங்குதாரர் ஃபர்ம்கள். அவர்களுக்கு இந்த 2 சதவீதச் சட்டம் பொருந்தாது. அவர்களிடம் போய் "சிஎஸ்ஆர் கொடுங்க" என்று கேட்டால் விஷயம் தெரியாதவர் என்று நினைப்பார்கள். அங்கே கேட்க வேண்டியது, கொடுப்பவருக்கு வரிச் சலுகை தரும் 80ஜி நன்கொடை, அதைவிட முக்கியமாக மனசு. நான்கு அண்ணன் தம்பிகள் சொத்தை ஐந்து பாகமாக வைத்து ஐந்தாவதைத் தர்மத்துக்கு எழுதி 1926-இல் பிஎஸ்ஜி அறநிலையத்தைத் தொடங்கிய ஊர் கோயமுத்தூர். அந்தக் கதை தெரியாத முதலாளி இந்தப் பக்கம் இல்லை, நீங்கள் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

இங்கே ஒரு குழி இருக்கிறது. உங்கள் குழந்தைகளின் அப்பா அம்மா வேலை செய்யும் அதே மில்லிடம் சிஎஸ்ஆர் கேட்கத் தோன்றும். தன் சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் வேலையை சிஎஸ்ஆர் கணக்கில் காட்ட முடியாது. 50 அல்லது அதற்கு மேல் ஆட்கள் உள்ள இடத்தில் குழந்தைகள் காப்பகம் சட்டப்படியே மில்லின் கடமை. கடமையைச் செய்ததற்கும் சிஎஸ்ஆர் கணக்கு கிடையாது. அந்த மில் தன் சாதாரணச் செலவிலிருந்து உங்களுக்குச் சேவைக் கட்டணம் தரலாம், அதற்கு வரி எப்படி வரும் என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். சிஎஸ்ஆருக்கு வேறு ஒரு கம்பெனியைப் பாருங்கள், மையத்தை அந்தப் பகுதிக் குழந்தைகள் எல்லோருக்கும் திறந்து வையுங்கள்.

மில்காரர்கள் உங்களைச் சந்தேகமாகப் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களைச் சில வருட ஒப்பந்தத்தில் மில் வேலைக்கு எடுத்த சுமங்கலித் திட்டத்தைப் பற்றி 2011 வாக்கில் ஐரோப்பிய அமைப்புகள் வெளியிட்ட அறிக்கைகளால் இந்தப் பக்கத்து நூற்பாலைகளின் பெயர் உலகம் முழுக்க அடிபட்டது. அதிலிருந்து என்ஜிஓ என்றாலே கேட்டை மூடுகிற முதலாளிகள் உண்டு. வெளிநாட்டு நன்கொடையாளரோ அதே அறிக்கைகளைப் படித்துவிட்டு மனதில் ஒரு படத்தோடு வருவார். நடுவில் நீங்கள். மில்லைத் திட்டி எழுதினால் நிதி சீக்கிரம் கிடைக்கும் என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பி எழுதினால் நாளைக்கு அந்தக் குழந்தைகளை மையத்துக்கு அனுப்பவே விடமாட்டார்கள். கண்டதை மட்டும் எழுதுங்கள். தப்பு நடப்பதைக் கண்டால் அது நிதி விண்ணப்பத்தில் எழுத வேண்டிய விஷயமில்லை, அதிகாரிகளிடம் போக வேண்டிய விஷயம்.

இதே நிலைமையில் உங்களுக்கு ஒரு வாய்ப்பும் இருக்கிறது. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. பனியன் எங்கிருந்து வருகிறது, நூல் நூற்றவர் எப்படி நடத்தப்பட்டார் என்பதை அங்குள்ள பெரிய பிராண்டுகள் கவனித்தாக வேண்டிய கட்டாயம். தொழிலாளர் குழந்தைகளுக்கான ஒழுங்கான மையம் அவர்களுக்கும் தேவை, அவர்களுக்கு ஏற்றுமதி செய்கிறவருக்கும் தேவை. ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் கம்ப்ளையன்ஸ் மேனேஜரை (பையர் கேட்கும் விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்ப்பவரை) முதலில் பழகிக்கொள்ளுங்கள். முதலாளியைவிட அவருக்குத்தான் பையரின் மனசு தெரியும். பிராண்டு வெளிநாட்டிலிருந்து நேராக அனுப்பினால் எஃப்சிஆர்ஏ வேண்டும். அதன் இந்தியக் கம்பெனி சிஎஸ்ஆராகக் கொடுத்தால் பெரும்பாலும் சிக்கல் இல்லை, ஆனாலும் பங்குடைமையை ஆடிட்டரை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

காஸ்டிங் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு டி-ஷர்ட்டுக்கு விலை சொல்லும்போது நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையலோடு நிறுத்தி, செக்கிங்கையும் அட்டைப்பெட்டியையும் விட்டுவிட்டவர் அந்த ஆர்டரில் கைப்பணத்தைப் போடுவார். சின்ன டிரஸ்ட்டுகள் வருடா வருடம் இதைத்தான் செய்கின்றன. உங்கள் 6.2 லட்சத்தை 45-ஆல் வகுத்தால் ஒரு குழந்தைக்கு வருடம் சுமார் 13,800 ரூபாய். இதில் உங்கள் சம்பளம் இல்லை என்பது என் ஊகம். மாதம் 15,000 என்று வைத்தாலும் 1.8 லட்சம். இடத்துக்கு வாடகை கொடுப்பதாகவும் நீங்கள் எழுதவில்லை. யாரோ இலவசமாகத் தந்திருந்தால் நாளைக்கு அவர் மகன் திரும்பக் கேட்கலாம், மாதம் 6,000 என்று போடுங்கள், 72,000. இரண்டையும் சேர்த்தால் 8.72 லட்சம், ஒரு குழந்தைக்கு சுமார் 19,400. இதுதான் உண்மை விலை. குறைத்துச் சொன்னால் கொடுப்பார்கள் என்று 13,800-ஐக் காட்டினால், உங்களுக்கு உடம்பு முடியாமல் போகிற அன்றைக்கு மையம் மூடும். விவரம் தெரிந்த நன்கொடையாளருக்கு இது ஒரு பார்வையில் புரிந்துவிடும்.

எண்ணிக்கையிலும் ஒளிக்காதீர்கள். ஜூனில் இருந்த 45 பேரும் மார்ச்சில் இருக்க மாட்டார்கள். தீபாவளிக்கும் பீகார்க்காரர்களின் சத் பூஜைக்கும் ஊருக்குப் போகிற குடும்பங்களில் சில திரும்பாது, சில வேறு மில்லுக்குப் போய்விடும். இதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டு, எத்தனை குழந்தை வந்தது, எத்தனை போனது, ஆறு வயதானவர்களில் எத்தனை பேர் அரசுப் பள்ளியில் சேர்ந்தார்கள், ஒடியா பேசும் குழந்தை எத்தனை மாதத்தில் தமிழில் பேர் சொல்லப் பழகியது என்று பதிவேடு வையுங்கள். அழுக்குச் சட்டையோடு அழும் குழந்தையின் படம் மட்டும் வேண்டாம். குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் இருக்கிறதா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டு பக்கம் போதும், டீச்சரும் ஆயாவும் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்.

நான் ஒரு தடவை சூடுபட்டிருக்கிறேன். பல வருடம் முன்னால் ஒரு பள்ளிக்குக் கழிப்பறை கட்ட வந்த பணம். ஐப்பசி மழையில் சுற்றுச்சுவர் விழுந்துவிட்டது. குழந்தைகளுக்கு ஆபத்தாயிற்றே என்று முதலில் சுவரைக் கட்டினோம். முடிவு சரிதான். ஆனால் கொடுத்தவருக்கு அதைச் சொன்னது ஆறு மாதம் கழித்து, அறிக்கையின் ஒன்பதாம் பக்கத்தில். அவர் கோபப்படவில்லை. கடைசித் தவணையை அனுப்பினார், அதோடு சரி. சுவர் விழுந்த அன்றைக்கே ஒரு போன் போட்டிருந்தால் சுவருக்கும் சேர்த்துக் கொடுத்திருப்பார் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

கடைசியாக உங்கள் பெரியப்பா பையன். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அவர் தருவது வெளிநாட்டுப் பங்களிப்பு. ரூபாயாகக் கொடுத்தாலும், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அப்படித்தான். கோயமுத்தூரில் இருக்கும் தம்பி கணக்கில் போட்டுத் தம்பி பெயரில் கொடுத்தாலும் மீறல்தான். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உறவினர் எந்த நாட்டிலிருந்து தன் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அவர் பாஸ்போர்ட் நகலை ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதாயிரத்தை இப்போது அனுப்ப வேண்டாம் என்று அவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். அவருக்கு அவசரம் என்றால் முன் அனுமதி என்று ஒரு வழி உண்டு: இன்னார், இவ்வளவு தொகை, இந்த வேலைக்கு என்று அவர் எழுதித் தரும் உறுதிக் கடிதத்தை வைத்து அந்த ஒரு தொகைக்கு மட்டும் உள்துறையிடம் அனுமதி கேட்கலாம். ஐம்பதாயிரத்துக்காக அந்த அலைச்சல் தேவையா என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். பொங்கலுக்கு அவர் ஊருக்கு வந்தால் இரண்டு நாள் மையத்தில் உட்காரவைத்து, உங்கள் திட்ட அறிக்கையைப் படித்து எங்கே புரியவில்லை என்று கோடு போடச் சொல்லுங்கள்.