எஃப்சியில் ஸ்டியரிங் ஆட்டம்: மாருதி 800

பதினைந்து வருடம் தாண்டிய 800, எஃப்சியில் (வண்டியின் தகுதிச் சோதனை) 'ஸ்டியரிங் ப்ளே', அதாவது ஸ்டியரிங்கில் தளர்வான ஆட்டம், என்று திருப்பிவிட்டார்கள் என்கிறீர்கள். மெக்கானிக் சொன்னார் என்று உடனே ரேக்கையே (ஸ்டியரிங் சுற்றை வீல்களுக்குக் கடத்தும் பல்சட்ட அமைப்பு) மாற்றாதீர்கள்.

வண்டி தரையில் நிற்கட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடம் வலமாகச் சின்னதாக ஆட்ட, நீங்கள் டை ராட் எண்டை (ரேக்கிலிருந்து வரும் ராடை வீலோடு இணைக்கும் மூட்டு) கையால் பிடித்துப் பாருங்கள். ராட் நகர்ந்த பிறகே வீல் நகர்கிறதா? எண்டு போய்விட்டது. ஸ்டியரிங் திரும்பியும் ராட் அசையவில்லையா? ஸ்டியரிங் தண்டின் (காலம்) ஜாயிண்ட், ரேக்கைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ் பாருங்கள்.

அடுத்து ஜாக்கி, ஸ்டாண்டு. டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங்; நிற்காவிட்டால் லோயர் பால் ஜாயிண்ட் (வீலைக் கீழ்க் கையோடு இணைக்கும் உருண்டை மூட்டு).

எண்டைக் கழற்றும்போது மரை எத்தனை சுற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள்; புதியதையும் அதே சுற்றுக்குப் போடுங்கள். நட்டு கழலாமல் பூட்டும் பழைய காட்டர் பின்னை மறுபடி போடாதீர்கள். வீல் அலைன்மெண்ட் கட்டாயம். ரேக் அட்ஜஸ்டர் ஸ்க்ரூவை மட்டும் இறுக்கி ஒப்பேற்றினால், வளைவில் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. அது இன்னும் ஆபத்து.