நீள்வட்டத்தின் சமன்பாடு: கேள்வி பதில்

கேள்வி: குவியங்கள் (±4, 0), முனைகள் (±5, 0). எங்கே தொடங்குவது சார்?

பதில்: படத்தில். மையம் ஆதிப்புள்ளி. அங்கிருந்து நெட்டச்சின் (நீளமான அச்சின்) முனைக்கு ஏ = 5, அதே அச்சில் உள்ளே இருக்கும் நிலைப்புள்ளியான குவியத்துக்கு சி = 4. குற்றச்சின் (குட்டையான அச்சின்) பாதி பி. பி² = ஏ² − சி² = 9. விடை எக்ஸ்²/25 + ஒய்²/9 = 1.

கேள்வி: குவியங்கள் (2, 1), (2, 7). நெட்டச்சின் நீளம் 10.

பதில்: இரண்டிலும் எக்ஸ் 2 என்பதால் நெட்டச்சு செங்குத்து. குவியங்களின் நடுப்புள்ளி (2, 4) மையம்; சி = 3. 10 முழு நீளம், அதில் பாதிதான் ஏ. இங்கேதான் மதிப்பெண் பறிபோகிறது, கவனம். பி² = 25 − 9 = 16. பெரிய எண் ஒய்க்குக் கீழே: (எக்ஸ் − 2)²/16 + (ஒய் − 4)²/25 = 1.

கேள்வி: அச்சுகள் ஆய அச்சுகளின் மேலேயே உள்ளன. (1, 3), (2, 2) வழியே செல்கிறது. எது நெட்டச்சு என்றே தெரியவில்லை.

பதில்: தெரிய வேண்டியதில்லை. மஎக்ஸ்² + நஒய்² = 1 என்று வையுங்கள். ம + 9ந = 1, 4ம + 4ந = 1. தீர்த்தால் ம = 5/32, ந = 3/32. ஆக 5எக்ஸ்² + 3ஒய்² = 32. 32ஆல் வகுத்தால் எக்ஸ்²க்குக் கீழே 32/5, ஒய்²க்குக் கீழே 32/3. 32/3 தான் பெரியது. நெட்டச்சு ஒய் அச்சின் மேல் என்பது கடைசியில் தானே தெரிகிறது.

கேள்வி: சாய்ந்த நீள்வட்டம்?

பதில்: அச்சுகளைச் சுழற்ற வேண்டும். அது தனிப் பாடம்.

கேள்வி: பூமியின் பாதை நீள்வட்டம் என்கிறார்கள். எவ்வளவு நசுங்கியது?

பதில்: நல்ல கேள்வி, போட்டே பார்ப்போம். சூரியன் ஒரு குவியத்தில். மிக அருகில் 14.71 கோடி கி.மீ., மிகத் தொலைவில் 15.21 கோடி. கூட்டிப் பாதியாக்கினால் ஏ = 14.96 கோடி; கழித்துப் பாதியாக்கினால் சி = 25 லட்சம். மையத்தொலைத்தகவு சி/ஏ, சுமார் 0.0167. பி² = ஏ² − சி² = (ஏ − சி)(ஏ + சி) = 14.71 × 15.21. வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள்: பி, ஏயைவிடக் குறைவது வெறும் 21,000 கி.மீ. அளவே! சூரியன் மையத்தை விட்டு 25 லட்சம் கி.மீ. தள்ளி நிற்கிறது, பாதையோ கண்ணுக்கு வட்டம்தான்.

கேள்வி: ஒத்துக்கொள்ள முடியாது. படங்களில் முட்டை மாதிரி நீண்டிருக்கிறதே. அதனால்தானே கோடையில் சூரியன் பக்கத்தில் வருகிறது?

பதில்: அந்தப் படங்கள் புரிவதற்காக மிகைப்படுத்தியவை. நாம் சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில். பருவங்களுக்குக் காரணம் பூமியின் அச்சுச் சாய்வு. உண்மையில் நீண்ட பாதை வேண்டுமானால் ஹாலி வால்மீனைப் பாருங்கள், தகவு சுமார் 0.967. கெப்ளர் 1609இல் நீள்வட்டத்தை அறிவித்தது செவ்வாயை வைத்து, அதற்கே 0.093தான். அவ்வளவு சிறிய விலகலைக் கணக்கில் பிடித்தாரே, அது பெரிய சாதனை.

கேள்வி: குவியங்கள் (±3, 0), முனைகள் (±5, 0)?

பதில்: முதல் கேள்வியின் வழியேதான். பி² = 16.

கேள்வி: நெட்டச்சு 12, குற்றச்சு 8. சமன்பாட்டில் கீழே 144, 64 தானே சார்?

பதில்: இல்லை. பாதி! 36, 16.